ஆல்கோபென்னில் நிற்காத படகு

"ஆல்கோபென்ல வெளிச்சம் ஏதாச்சும் தெரியுதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா? அந்தப் பொம்பளைய விட்டுட்டுப் போனா நாளைக்கு என் உயிர எடுத்துடும்."

"பாத்தாச்சு கேப்டன். இருட்டுதான் இருக்கு. நீங்க ஓட்டுங்க."

அவ்வளவுதான் பேச்சு. கேப்டன் சிக்ஸ்டன் கேட்டார், டோர்கெல் பதில் சொன்னான், படகு நிற்காமல் போனது. எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியை டோர்கெல் அதற்குப் பிறகு எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான் என்று கணக்கே கிடையாது.

ஹீட்டர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இந்த மூடுபனி விலகாமல் நம் படகு வரப்போவதில்லை. மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். இப்போது நமக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே பாத்திரம் கழுவுகிறாளே மோனா... அவளுடைய அக்கா கணவருக்கு நடந்த விஷயம் இது. அவள் காதில் விழ வேண்டாம்.

நேரம் இரவு எட்டு ஐந்து. நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. நகரத்துப் படகுத் துறையான ஸ்லுஸ்ஸனிலிருந்து ஏழு பத்துக்குக் கிளம்பும் கடைசிப் படகு. நகரத்து விளக்குகள் பின்னால் போய் மறைந்து அரை மணி ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் கறுத்த பாறைத் தீவுகள். கோடை வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் காலம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வெளிச்சம் கிடையாது.

ஒன்றைத் தவிர.

ஆல்கோபென் துறையில் ஒரு டார்ச் லைட் மினுங்கியது. நீளமாக ஒன்று... இரண்டு... மூன்று. சின்னத் துறைகளில் பகலில் கம்பத்து வட்டத் தகட்டைத் தூக்கிவிட வேண்டும், இருட்டினால் டார்ச் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு நிற்காது. உங்களுக்குத் தெரியாததா? கேப்டன் அறையின் கண்ணாடியில் கருவிகளின் வெளிச்சம் விழும் என்பதால், வெளியே நின்று பார்த்துச் சொல்வது டோர்கெலின் வேலை.

அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் 'இல்ல' என்றான்.

ஏன்? அருவருப்பு. வேறு ஒன்றுமே இல்லை.

டோர்கெல் கெட்டவன் கிடையாது. கயிறு வீசுவான், பலகை போடுவான், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "எங்க இறங்கணும்?" என்று முகம் பார்த்துக் கேட்பான். குழந்தை வண்டியோடு வரும் தாய்மாருக்கு வண்டியைத் தூக்கி வைப்பான். பலகை வழுக்கும் நாட்களில் எல்லோருக்கும் கை கொடுத்து இறக்கிவிடுவான்.

ரக்னாவுக்கு மட்டும் கொடுக்க மாட்டான்.

ரக்னா ஆல்கோபென்னில் நான்கு பூனைகளோடு தனியாக இருந்தாள். அறுபது வயது இருக்கும். வாரம் இரண்டு முறை நகரத்துக்குப் போய், மீன் கடையில் தூக்கி எறிகிற தலை, குடல், செதில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கி வருவாள். எல்லாம் பூனைகளுக்கு. வாளியின் மூடி ஒரு நாளும் சரியாக மூடியதில்லை. கதவுக்குப் பக்கத்தில், முதலுதவிப் பெட்டிக்குக் கீழே இருக்கிற கடைசி இருக்கைதான் அவள் இடம். அவள் இறங்கிப் போன பிறகு அங்கே செதில் ஒட்டியிருக்கும். தரையில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு ஓடியிருக்கும். அதைத் துடைக்கிறவன் டோர்கெல். துடைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். அவள் பலகையில் ஏறும்போதே அடக்கப் பழகியிருந்தான்.

அக்டோபர் கடைசியில் அந்த நாற்றம் மாறியது. மீன் நாற்றம் இல்லை இது. பூச்சாடித் தண்ணீரை ஒரு மாதம் மாற்றாமல் வைத்துவிட்டுப் பூவைத் தூக்கினால் வருமே... அந்த மாதிரி. அதில் கொஞ்சம் இனிப்பும் கலந்தது. ரக்னா இடது கையை ஒரு பிளாஸ்டிக் பையில் விட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். பையின் உட்பக்கம் ஆவி படிந்திருந்தது. மீன் அள்ளுவதற்காக மாட்டியிருக்கிறாள், கழற்றக்கூட சோம்பல் என்று டோர்கெல் நினைத்துக்கொண்டான்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்..."

"எங்க இறங்கணும்? ஆல்கோபென்தானே?"

"ஆமா. அது இல்ல. இது வேற..."

"சரி சரி, போய் உக்காருங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

பின்னால் ஒரு நாளும் ஆட்கள் நின்றதில்லை. நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் அவன் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இதையே சொன்னான்.

அந்த வியாழக்கிழமை டோர்கெலுக்கும் அனலிக்கும் மூன்றாவது கல்யாண நாள். காலையில் அனலி அவனுக்கு ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்திருந்தாள். சாம்பல் நிறம், உள்ளே பட்டுத் துணி. கடைசி ஓட்டம்தானே, எப்படியும் கடைசித் துறையான விக்சுண்டில் படகைக் கட்டிவிட்டு நேரே வீடுதானே என்று சீருடைச் சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டிருந்தான். வீட்டில் அடுப்புக்குள் மான்கறி இருந்தது. ஆல்கோபென்னில் நின்றால் பத்து நிமிடம் போகும். அந்த நாற்றம் கம்பளியில் ஏறும். இருக்கையைத் துடைக்க வேண்டும், அதுவும் இந்தக் கோட்டோடு...

'இல்ல' என்றான்.

வீட்டுக்குப் போனால், வீடு இருட்டாகக் கிடந்தது. மேசையில் இரண்டு தட்டு, இரண்டு கண்ணாடிக் கோப்பை, ஏற்றாத மெழுகுவர்த்தி. அனலி இல்லை. அவள் விக்சுண்ட் மருத்துவ நிலையத்தில் நர்ஸ். தீவுக்கே ஒரே நர்ஸ். ஜன்னல் வழியாகப் பார்த்தான். மேட்டில் மருத்துவ நிலையத்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்பதே காலுக்குத்தான் வந்தாள்.

"இன்னைக்கு என்ன நாள்னாவது ஞாபகம் இருக்கா மகாராணிக்கு?"

"கோவிச்சுக்காதப்பா. ரக்னா போன் பண்ணியிருந்தா, ஆல்கோபென் ரக்னா. கையில தூண்டில் முள்ளு ஏறி ஒரு மாசம் ஆகப் போகுதாம். இப்பப் போய் சொல்றா, விரல் கறுத்துப் போச்சுன்னு. ஆம்புலன்ஸ் படகு அனுப்பவான்னேன். அதெல்லாம் பணக்காரங்களுக்குன்னு சிரிக்கிறா. சரி, கடைசிப் படகுல வா, விளக்கப் போட்டு வெக்கிறேன்னேன்." கோட்டைக் கழற்றிக்கொண்டே திரும்பினாள். "ஏறலயா அவ?"

டோர்கெலுக்கு வாய்க்குள் என்னவோ ஊறியது.

"இல்ல."

"டார்ச் கூட அடிக்கலயா?"

"ஒண்ணும் இல்ல அனலி."

அவள் போன் செய்து பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "பிடிவாதக்காரி. படுத்துத் தூங்கிருப்பா. காலைல முதல் படகுல நிறுத்தி ஒரு எட்டுப் பாத்துடு, என்ன?" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடல் மீட்புப் படகு அந்தத் துறைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் போதும். டோர்கெல் மெழுகுவர்த்தியை ஏற்றினான். ஆறிப்போன மான்கறியைச் சூடாக்கினார்கள். நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள்.

காலை ஆறு ஐந்து. இன்னும் இருட்டு. சிக்ஸ்டன் படகை ஆல்கோபென்னில் அணைத்தார். டோர்கெல் பலகை போட்டு இறங்கினான். துறையில் காத்திருப்பதற்கு மூன்று பக்கம் பலகை அடித்த சின்னக் குடில் ஒன்று உண்டு. முதலில் பூனைகளின் சத்தம்தான் கேட்டது. கத்தல் இல்லை... தண்ணீர் குடிப்பதுபோல ஒரு சத்தம். லப்... லப்... லப்.

டார்ச்சை அடித்தான்.

ரக்னா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் படகு வரும் பக்கம். வலது கையில் டார்ச், பேட்டரி தீர்ந்து செத்திருந்தது. இடது கையில் பிளாஸ்டிக் பை இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே இருந்ததை டோர்கெல் ஒரே ஒரு கணம்தான் பார்த்தான். பழுத்து வெடித்த கத்தரிக்காய் நிறம். புதிதாகக் கட்டுப் போட முயன்றிருக்கிறாள் பாவம். கட்டுத் துணியின் ஒரு முனை அவள் பல்லுக்கு நடுவே இருந்தது. ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராமல், பல்லால் கடித்து இழுத்திருக்கிறாள். மற்ற முனையை...

மற்ற முனையைப் பூனைகள் இழுத்துக்கொண்டிருந்தன. கையை நக்கிக்கொண்டும்.

டோர்கெல் துறையின் ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தான். அப்போதும், அந்த நிலையிலும், புதுக் கோட்டின் ஓரத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தான். அதை நினைத்தால்தான் பிற்பாடு அவனுக்குத் தன் மேலேயே குமட்டும்.

கைப் புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி, குளிரும் சேர்ந்துகொண்டது என்றார்கள். பூனைகளை யாரோ வந்து கூண்டில் கொண்டுபோனார்கள். வீட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். படகுக் குறிப்பேட்டில் வியாழன் இரவுக்கு நேரே 'ஆல்கோபென் - வெளிச்சம் இல்லை' என்று சிக்ஸ்டன் எழுதியிருந்தார். டோர்கெல் சொன்னதைத்தான் எழுதினார்.

முதலில் அந்த இருக்கை.

அடுத்த செவ்வாய்க்கிழமை. கடைசி ஓட்டத்தில் ஆறு பேர்தான். கடைசி இருக்கையில் யாரும் உட்காரவில்லை. டோர்கெல் கவனித்துக்கொண்டே இருந்தான். விக்சுண்ட் வந்து படகைக் கட்டிய பிறகு துடைக்கப் போனால், மெத்தை கனமாக இருந்தது. உள்ளங்கையால் அழுத்தினான். பிழிந்த ஸ்பான்ஜ் மாதிரி பழுப்புத் தண்ணீர் பொங்கி விரல் இடுக்கில் ஏறியது. இளஞ்சூடாக இருந்தது. குளிர்ந்து கிடந்த படகில், அது மட்டும் சூடு. பூச்சாடித் தண்ணீர் நாற்றம்.

மெத்தையை மாற்றினார்கள். புது மெத்தையும் மறுநாள் அதே மாதிரி.

"மேல குழாய் ஒழுகுதுடா," என்றார் சிக்ஸ்டன், உதட்டுக்குள் அடக்கிய புகையிலையை நாக்கால் தள்ளிக்கொண்டே.

"மேல குழாயே இல்ல கேப்டன். முதலுதவிப் பெட்டிதான் இருக்கு."

"அப்ப எவனோ ராத்திரில ஒண்ணுக்குப் போறான். நாத்தம் புடிச்சவனுங்க."

அடுத்தது சூப்பு. வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பு, அதுதான் வழக்கம். அப்போது மோனா அந்தப் படகில்தான் கடை வைத்திருந்தாள். டோர்கெலுக்கு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி, ஓரத்தில் கடுகு விழுதும் வைத்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க மாமா. முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? அக்கா சோறு போடறதில்லையா?"

மூன்றாவது கரண்டியில் பல்லில் என்னவோ மாட்டியது. பட்டாணித் தோல் என்று நினைத்து நாக்கால் துழாவினான். நூல். விரலால் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. கண்ணி கண்ணியாக நெய்த, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி, இரண்டு விரல் அகலம், மஞ்சளாக, ஓரங்களில் காய்ந்த பழுப்பு. தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல... முழங்கை நீளம் வந்த பிறகும் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"என் சூப்புலயா!" என்று மோனா கத்தினாள். "பொய் சொல்லாதீங்க! அந்தப் பானைய நான் என் கையால தேச்சுக் கழுவினேன்!" கத்தியவள், துணியைக் கிட்டத்தில் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். துணியின் முனையில் பல் பதிந்திருந்தது. டோர்கெலின் பல் இல்லை. அவனுக்கு முன்பல் வரிசையாக இருக்கும். அந்தத் துணியில் நடுவே ஒரு பல்லின் இடம் காலி.

ரக்னாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது.

அன்றோடு மோனா படகுக் கடையை விட்டுவிட்டாள். இங்கே கரையில் வேலை பார்ப்பது அதற்குப் பிறகுதான். வியாழக்கிழமை இவள் கடையில் சூப்பு ஏன் கிடையாது என்று கேட்பீர்களே... இப்போது தெரிந்ததா?

பிறகு அது வீட்டுக்குள் வந்தது.

"டோர்கெல், சட்டையக் கழட்டு."

"என்ன திடீர்னு?"

"வழியாதே. நான் நர்ஸ். இந்த நாத்தம் எனக்குத் தெரியும். சீழ் புடிச்ச புண்ணு எங்கயோ இருக்கு உனக்கு. மறைக்கிற. காட்டு."

தலைமுடியிலிருந்து கால்விரல் இடுக்கு வரை விளக்கடியில் நிறுத்திப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவனுடைய வலது கையை மட்டும் மறுபடி எடுத்து முகர்ந்தாள். பயணிகளுக்குக் கொடுக்கிற கை அது. முகர்ந்துவிட்டு மெல்லக் கீழே வைத்தாள்.

"இதுலதான் வருது," என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஆனா ஒண்ணும் இல்லையே இதுல..."

டோர்கெல் அந்தக் கையைப் பாத்திரம் தேய்க்கும் கம்பியால் தேய்த்தான். சலவைச் சோடாவில் ஊறவைத்தான். தோல் உரிந்து சிவந்ததே தவிர நாற்றம் போகவில்லை. இரவில் அனலியைத் தொட மாட்டான். சோபாவில் படுத்துக்கொண்டு, கையைப் போர்வைக்கு வெளியே, தன் முகத்துக்கு எட்டாத தூரத்தில் தொங்கப் போட்டுக்கொள்வான். விடியும்போது விரல்கள் ஈரமாக இருக்கும். பூனை நக்கியதுபோல. அவர்கள் வீட்டில் பூனை கிடையாது.

இதெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் சுகாதார அலுவலகத்திலிருந்து அனலிக்கு ஒரு கடிதம் வந்தது.

விரல் கறுத்துவிட்டது என்று நோயாளி சொன்ன பிறகும் ஆம்புலன்ஸ் படகை அனுப்பாமல் விட்டது ஏன் என்று அனலியிடம் விளக்கம் கேட்டு, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடைசிப் படகில் வரச் சொன்னேன், வருவதாகச் சொன்னாள் என்பது அனலியின் பதில். படகுக் குறிப்பேடோ, துறையில் வெளிச்சமே இல்லை என்றது. அப்படியானால் படகு நேரத்துக்குள் நோயாளியால் துறை வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. அந்த நிலையில் இருந்தவளை இந்த நர்ஸ் படகில் வரச் சொல்லியிருக்கிறாள். காகிதத்தில் விஷயம் அப்படித்தான் நின்றது. அனலியின் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை...

"நான்தான் அவளக் கொன்னுட்டேன்," என்றாள் அனலி, சமையலறை மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு. "அவ சிரிச்சத நம்பிட்டேன் டோர்கெல். துறைல செத்துக் கெடந்தாளே, எப்ப வந்து உக்காந்தாளோ... படகு போனப்புறம் தட்டுத் தடுமாறி வந்திருக்கா. நான் அனுப்பிருக்கணும். ஒரு போன். ஒரே ஒரு போன்."

டோர்கெல் அவள் தோளைத் தொடக் கையைத் தூக்கினான். நாற்றம் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டான். வாயைத் திறந்தால் அவள் பிழைத்துவிடுவாள். வாயைத் திறந்தால், தன்னை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் ரக்னாவைப் பார்த்தானே... அப்படி.

விசாரணைக்கு முதல்நாள், வியாழக்கிழமை. அனலி நகரத்தில் நர்ஸ் சங்கத்து வக்கீலைப் பார்த்துவிட்டு அதே கடைசிப் படகில் ஏறினாள். கூட்டமே இல்லை. வழியில் ஏறிய இரண்டு பேரும் வழியிலேயே இறங்கிவிட, உள்ளே அவள் ஒருத்திதான். பழக்கம் விடுமா? பலகையில் ஏறும்போதே டோர்கெல் கேட்டிருந்தான்.

"எங்க இறங்கணும்?"

"வீட்டுலதான். வேற எங்க போவேன் நான்?" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. போய்க் கதவுக்குப் பக்கத்தில், கடைசி இருக்கைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

எட்டு மணி. டோர்கெல் வெளியே, கேப்டன் அறையின் திறந்த ஜன்னலை ஒட்டி நின்றான். காற்று இல்லை. இஞ்சின் சத்தம் மட்டும் தடதடவென்று பாதத்தில் ஏறியது. அந்த மாதத்தில் அவன் ஆல்கோபென் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வான். சிக்ஸ்டனும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. ஆளில்லாத துறையைப் பற்றி என்ன கேட்பது?

அன்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது என்று பிற்பாடு சொன்னாராம்.

"ஆல்கோபென்ல வெளிச்சம் ஏதாச்சும் தெரியுதா?"

டோர்கெல் கண்ணைத் திறந்தான்.

நீளமாக ஒன்று... இரண்டு... மூன்று.

மஞ்சளாக, பேட்டரி தீரப் போகிற டார்ச் மாதிரி. அணைந்தது. மறுபடி... ஒன்று... இரண்டு...

பின்னால் உள்கதவு திறந்தது. அனலி வெளியே வந்து நின்றாள். மூக்கைக் கையால் மூடியிருந்தாள். "டோர்கெல், உள்ளே ஒரே நாத்தமா..." என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என்னடா, கேக்கறேன்ல?" என்றார் சிக்ஸ்டன். "எனக்கு ஒண்ணும் தெரியல. நேரா போயிடவா?"

"தெரியுது," என்றான் டோர்கெல்.

"எது?"

"வெளிச்சம் தெரியுது கேப்டன். நிறுத்துங்க." அவன் அனலியின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "அன்னைக்கும் தெரிஞ்சுது. மூணு தடவ அடிச்சா. நான் பாத்தேன். இல்லன்னு சொல்லிட்டேன்."

சிக்ஸ்டன் அவனையே பார்த்தார். உதட்டுக்குள் இருந்த புகையிலையை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?" என்றாள் அனலி.

"நாறுவா," என்றான் டோர்கெல். "கோட்டு புதுசு."

அதைவிட அசிங்கமான மூன்று சொல்லை யாரும் அந்தப் படகில் அதுவரை சொன்னதில்லை. சொன்னவனுக்கே வாய் கசந்தது.

சிக்ஸ்டன் இஞ்சினைத் தணித்தார். படகு திரும்பியது. துறையின் மரக்கால்கள் வெளிச்சத்தில் வந்தன; பச்சைப் பாசி, அதில் சொட்டும் தண்ணீர். குடிலில் யாரும் இல்லை. பெஞ்ச் காலி. டார்ச் வெளிச்சமும் இல்லை. டோர்கெல் கயிற்றை வீசினான். பலகையைத் தள்ளி, துறையின் மேல் சரியாக உட்கார வைத்து, வழக்கம்போலப் பக்கத்தில் நின்றான்.

ஒன்றும் இல்லை.

பிறகு பலகை கொஞ்சம் அமுங்கியது. யாரோ ஏறினால் அந்தப் பலகை அமுங்குமே... அந்த அளவு. டக்... ஈர ரப்பர் பூட்ஸின் 'சளக்'. டக்... சளக். பலகையின் மேல் இருந்த பனித்துளிகளில் ஒவ்வொரு அடியாகக் கறுப்புத் தடம் விழுந்துகொண்டு வந்தது. அவனுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

நாற்றம் வந்து அறைந்தது. பூச்சாடித் தண்ணீர், அழுகின மீன், சீழ், ஒரு மாதத்து ஈரக் கம்பளி... எல்லாம் சேர்ந்து. கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் தானாகவே தண்ணீர்ப் பக்கம் திரும்பப் பார்த்தது.

டோர்கெல் திருப்பவில்லை. மூச்சையும் அடக்கவில்லை. வாயைத் திறந்து, அந்தக் காற்றை அப்படியே உள்ளே இழுத்தான்.

"எங்க இறங்கணும்?" என்றான்.



உரிந்து சிவந்த தன் வலது கையை முன்னால் நீட்டினான். காலியான காற்றில்தான் நீட்டினான். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கையில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. ஊதிப்போன, இளஞ்சூடான, கொழகொழவென்ற கனம். அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும்போல. அதன் மேலிருந்து ஈரமான துணி ஒன்று வழிந்து அவன் மணிக்கட்டில் தொங்கியது.

பின்னால், உள்ளே, முதலுதவிப் பெட்டியின் கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. அனலிதான். பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் கிட்டே வரும் காலடி கேட்டது. அவள் என்ன பார்த்தாளோ தெரியாது. புதுக் கட்டுத் துணியின் உறையைப் பிரித்து, அவன் இடது கையில் வைத்தாள்.

அப்போதுதான் குரல் வந்தது. மிரட்டும் குரல் இல்லை. தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூச்சப்படுகிற குரல். பல்லுக்கு நடுவே எதையோ கடித்துக்கொண்டு பேசுவதுபோலக் குழறலாக, அவன் காதுக்கு மிகப் பக்கத்தில்...

"தம்பி, ஒண்ணு கேக்கணும்... ஒத்தக் கையால முடிச்சு விழ மாட்டேங்குது. கொஞ்சம் கட்டி விடுறியா?"